ஒரே தீவு, இரண்டு வகை உடை: மான் வேட்டைக்காரர்களிடம் கற்கும் வரலாற்றுப் பாடம்



உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அனுபவத்திலிருந்து தொடங்குவோம். உடற்கல்விப் பாடம் முடிஞ்சு, சட்டையெல்லாம் வியர்வையில் நனைஞ்சு, திடலிலிருந்து நேரா ஏர்கோன் அறைக்குள்ள போறீங்க. கொஞ்ச நேரத்திலேயே உடம்பு நடுங்க ஆரம்பிச்சிடும். பக்கத்தில் உலர்ந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கோ ஒன்றுமே இல்லை. இருவருக்கும் ஒரே அறை, ஒரே வெப்பநிலை. உங்களை நடுங்க வைத்தது அந்த ஈரச் சட்டைதான்.

இப்போ அந்த அறையை மைனஸ் 30 பாகைக்கு மாத்திப் பாருங்க. கதவு இல்லை, கூரை இல்லை, காற்று வேறு வீசுது. நீங்க மானைத் தேடிப் பல மைல் நடக்கணும். நடந்தால் வியர்க்கும். மானைப் பார்த்ததும் அசையாமல் நிற்கணும். நின்றால் வியர்வை குளிரும். என்ன உடுத்திக்கிட்டுப் போவீங்க?

“தடிமனான சட்டை போடுவேன் சார்” என்றுதான் என் வகுப்பில் எல்லாரும் சொல்வார்கள். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், தடிமன் மட்டும் போதாது என்பதை வட துருவப் பகுதியின் மான் வேட்டைக்காரர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. கற்காமல் போனவர்களும் உண்டு. இரு தரப்பினரும் ஒரே தீவில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்தத் தீவின் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

1. எந்த மான்? எந்தத் தீவு?

கனடாவின் வடக்கே, வட துருவ வட்டத்துக்கும் அப்பால், கிங் வில்லியம் தீவு இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீட்டர். நம் கிளந்தான் மாநிலத்தைவிடக் கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான். மரம் கிடையாது. சுற்றியுள்ள கடல் ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும்.

அங்கே கிடைக்கும் மானுக்குக் காரிபூ என்று பெயர். ஐரோப்பாவின் வடபகுதியில் மக்கள் வளர்க்கும் துருவ மானும் இதே இனம்தான். மான் குடும்பத்தில் இதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆண் பெண் இரண்டுக்குமே கொம்பு வளரும். நமக்கு முக்கியம் அதன் மயிர். வெளிமயிர் ஒவ்வொன்றின் உள்ளேயும் நுண்ணிய காற்று அறைகள் உள்ளன. மயிருக்குள்ளும் காற்று, மயிர்களுக்கு இடையிலும் காற்று. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இந்த அறிவியலை நீங்க ஏற்கெனவே படிச்சிருப்பீங்க.

ஆகவே, அந்தக் குளிரைத் தாங்கும் உடையை முதலில் உடுத்தியது மான்தான். மனிதன் அதனிடமிருந்து இரவல் வாங்கினான்.

2. ஊசிக்கும் ஒரு வரலாறு உண்டு

கற்காலம் என்றதும் கல் ஆயுதங்களைத்தான் மாணவர்கள் எழுதுகிறார்கள். ஊசியை யாரும் எழுதுவதில்லை. சைபீரியாவில் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பே, எலும்பில் செய்யப்பட்ட, காது உள்ள ஊசிகள் இருந்ததற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. தோலை எடுத்துப் போர்த்திக்கொள்ள ஊசி தேவையில்லை. கை, கால், கழுத்து என உடம்பின் வடிவத்துக்கு ஏற்ப வெட்டி, காற்று புகாமல் தைப்பதற்குத்தான் ஊசி வேண்டும். அப்படித் தைத்த உடை இல்லாமல் மனிதர்கள் கடும் குளிர்ப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் வாழ்ந்திருப்பது மிகவும் கடினம்.

பனியுகத்தின் இறுதிக் காலத்தில் ஐரோப்பாவிலும் துருவ மானை நம்பி வாழ்ந்த வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகே ஸ்டெல்மோர் என்ற இடத்தில், 1930களில் அகழாய்வு நடந்தது. ஏராளமான துருவ மான் எலும்புகளும், பைன் மரத்தில் செய்த அம்புகளும் அங்கே கிடைத்தன. அம்புகள் மிஞ்சின, எலும்புகள் மிஞ்சின. அந்த வேட்டைக்காரர்கள் அணிந்திருந்த உடை மிஞ்சவில்லை. தோல் மட்கிவிடும், இல்லையா?

இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அழியாத பொருள்தான் சான்றாக நமக்குக் கிடைக்கிறது. அதனால் ஆயுதம் செய்தவனின் வரலாறு பெரிதாகவும், உடை தைத்தவளின் வரலாறு சிறிதாகவும் தெரிகிறது. சான்று இல்லை என்பதற்காக அந்த வேலை நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

3. நெட்சிலிக் மக்களின் குளிர்கால உடை

கிங் வில்லியம் தீவிலும் அதைச் சுற்றியும் வாழ்பவர்கள் நெட்சிலிக் மக்கள். இவர்கள் இனுயிட் என்னும் பெரிய இனத்தின் ஒரு பிரிவினர். ‘இனுயிட்’ என்றால் அவர்கள் மொழியில் ‘மக்கள்’ என்று பொருள். பழைய பாடநூல்களில் ‘எஸ்கிமோ’ என்று இருக்கும். கனடாவில் இன்று அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். நீங்களும் விடைத்தாளில் இனுயிட் என்றே எழுதுங்கள்.

இவர்களின் உடையில் உள்ள நுட்பங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இரட்டை அடுக்கு. உள்ளே அணியும் மேலங்கியில் மயிர் உடம்பைத் தொடும்படி இருக்கும். வெளியே அணிவதில் மயிர் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். இரண்டு தோலுக்கும் நடுவிலும் ஓர் அடுக்குக் காற்று தங்கும். ஒருவருக்கு முழுக் குளிர்கால உடை தைக்க ஐந்து முதல் எட்டு மான் தோல்கள்வரை தேவைப்படும். அப்படியும் மொத்த உடை சில கிலோதான் இருக்கும்.

இரண்டாவது, தளர்ச்சி. உடை உடம்பை இறுக்காது. மேலங்கியின் முன்பக்கத்தில் பிளவோ பொத்தானோ இல்லை. தலை வழியாகத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். அதனால் காற்று உள்ளே நுழைய வழி குறைவு. வெப்பக் காற்று மேலே எழும் என்பது உங்களுக்குத் தெரியும். தலைமூடி கழுத்தை நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும்வரை அந்த வெப்பம் உள்ளேயே நிற்கும். நடந்து உடம்பு சூடானால் தலைமூடியைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். சூடு கழுத்து வழியே வெளியேறும். வியர்வை வரும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கை விறைத்தால் சட்டைக் கைக்குள்ளிருந்து கையை உள்ளே இழுத்து, வெற்று மார்போடு சேர்த்துச் சூடேற்றிக்கொள்ளலாம். தோள்பட்டை அவ்வளவு அகலமாக வெட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவது, பருவம். எப்போது கொன்ற மானின் தோலும் உடைக்கு ஆகாது. ஒரு வகை ஈயின் புழுக்கள் மானின் தோலுக்கு அடியில் வளர்ந்து, குளிர்காலம் முடியும் காலத்தில் தோலைத் துளைத்து வெளியே வரும். அப்போது கிடைக்கும் தோலில் ஓட்டைகள் இருக்கும். கோடைத் தொடக்கத்தில் மயிர் உதிரும். குளிர்காலத் தோலில் மயிர் மிக நீளம். உடைக்கு முரடு, படுக்கைக்குத்தான் சரி. கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும், அதாவது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் கிடைக்கும் தோல்தான் உடைக்கு உகந்தது. அந்தச் சில வாரங்களில்தான் குடும்பம் முழுவதற்கும் போதுமான மான்களைப் பிடித்தாக வேண்டும். மனித உருவம்போல் கற்களை வரிசையாக அடுக்கி, மான் கூட்டத்தை ஏரிப் பக்கம் விரட்டுவார்கள். நீந்தும் மான்களைக் கயாக் படகில் சென்று ஈட்டியால் குத்துவார்கள். அந்தப் பருவத்தில் வேட்டை தவறினால் இறைச்சி மட்டும் குறையாது. வரப்போகும் குளிர்காலத்துக்கு உடையும் இருக்காது.

நான்காவது, பராமரிப்பு. வெளியிலிருந்து வந்ததும் பனி வீட்டுக்குள் அப்படியே நுழைய மாட்டார்கள். அதற்கென வைத்திருக்கும் ஒரு தட்டுக் கருவியால் உடையில் படிந்த பனித்துகளை அடித்து உதிர்த்துவிடுவார்கள். பனியோடு உள்ளே போனால் அது உருகும். உருகினால் உடை ஈரமாகும். மறுநாள் வெளியே போகும்போது அந்த ஈரம் உறையும். தலைமூடியின் ஓரத்துக்கு ஓநாய் அல்லது வால்வரின் என்ற விலங்கின் மயிரை வைத்துத் தைப்பதும் பலரிடம் வழக்கம். மூச்சுக்காற்றின் ஈரம் அதில் பனியாகப் படிந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும்.

ஐந்தாவது, ஓசை. மயிர் வெளிப்பக்கம் இருக்கும் உடை சலசலக்காது. குளிரில் விறைத்த துணி உரசினால் மானின் காதுக்கு எட்டிவிடும். வேட்டைக்காரனுக்கு இதுவும் முக்கியம்தானே?

4. வேட்டைக்காரனுக்கு உடை தைத்தவர் யார்?

இத்தனை நுட்பமும் யார் கையில் இருந்தது? பெரும்பாலும் பெண்கள் கையில்.

தோலைச் சுரண்டி மென்மையாக்க வேண்டும். ‘உலு’ என்னும் பிறைவடிவக் கத்தியால் அளவாக வெட்ட வேண்டும். அளவுநாடா கிடையாது, கண்ணும் கையும்தான் அளவு. மானின் முதுகெலும்பை ஒட்டிய தசைநாரைக் காயவைத்து, இழை இழையாகப் பிரித்து நூலாக்குவார்கள். அந்த நூல் ஈரம் பட்டால் சற்று ஊதி, ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் புகாத காலணி தைக்கவும் அதுவே உதவியது. ஈரம் படும் காலணிக்கு மான் தோல் ஆகாது என்று கடல்நாய்த் தோலைப் பயன்படுத்தினார்கள். எந்தத் தோல் எந்த வேலைக்கு என்பதை அறிந்து தேர்வது ஒரு தனிக் கல்வி.

காலக்கெடுவும் உண்டு. உறைந்த கடலின் மேல் முகாம் அமைத்துக் கடல்நாய் வேட்டைக்குப் போகும் முன்பே, மான் தோல் உடைகள் அனைத்தையும் தைத்து முடித்துவிட வேண்டும். கடல் பனியின்மேல் இருந்துகொண்டு மான் தோலைத் தைக்கக்கூடாது என்பது அவர்களின் நம்பிக்கை. நிலத்து விலங்கையும் கடல் விலங்கையும் கலக்கக்கூடாது என்ற விதியின் ஒரு பகுதி இது. இதன் பலனை யோசிச்சுப் பாருங்க: கடுங்குளிர் வரும் முன்பே எல்லாருடைய உடையும் தயாராகிவிடும்.

ஒரு தையல் விட்டுப்போனால் அந்த வழியே குளிர் நுழையும். வேட்டைக்குப் போனவன் விரலை இழக்கலாம், உயிரையும் இழக்கலாம். வேட்டை என்றதும் வில்லும் ஈட்டியும் ஏந்திய ஆணின் படத்தை மட்டும் வரைகிறோம். ஊசியோடு உட்கார்ந்திருந்த பெண்ணையும் சேர்த்து வரைந்தால்தான் படம் முழுமை அடையும்.

5. 1845: பிராங்க்ளின் பயணம்

இப்போ அதே தீவுக்கு வேறு சிலர் வருகிறார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவின் வடக்கு வழியாக ஆசியாவுக்குக் கடல்வழி தேடிய காலம் அது. ‘வடமேற்குக் கடல்வழி’ என்பார்கள். 1845இல் பிரிட்டிஷ் கடற்படை, சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரபஸ், டெரர் என்ற இரு கப்பல்களை அனுப்பியது. நீராவி இயந்திரம், தகரத்தில் அடைத்த உணவு, பெரிய நூலகம் எல்லாம் கப்பலில் இருந்தன. கடைசியில் அப்பயணத்தைத் தொடர்ந்தவர்கள் 129 பேர்.

1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவுக்கு வடமேற்கே இரு கப்பல்களும் பனியில் சிக்கின. 1847 ஜூன் 11ஆம் நாள் பிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில், எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கு நோக்கி நடந்தார்கள். ஒருவர்கூட நாடு திரும்பவில்லை.

அவர்கள் அணிந்திருந்தது கம்பளியும் துணியும் தோல் காலணியும். கம்பளி மோசமான துணி அல்ல. ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். ஆனால், அவர்கள் செய்த வேலையைப் பாருங்க. கனமான படகுகளைச் சறுக்கு வண்டிமேல் ஏற்றி, மனிதர்களே கயிறு கட்டி இழுத்தார்கள். 1859இல் தேடிச் சென்ற குழுவினர் அத்தகைய படகு ஒன்றைக் கண்டார்கள். உள்ளே எலும்புக்கூடுகள் இருந்தன. கூடவே வெள்ளிக் கரண்டிகள், புத்தகங்கள், சோப்பு, பட்டுக் கைக்குட்டைகள். அந்தப் பாரத்தை இழுத்தால் வியர்க்காமல் இருக்குமா? இரவில் நின்றதும் அந்த வியர்வை என்னவாகும்? கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த ஏர்கோன் அறை நினைவுக்கு வருதா?

6. யார் சொல்லை நம்புவது?

பிராங்க்ளின் குழுவுக்கு என்ன ஆனது என்று பல ஆண்டுகள் இங்கிலாந்துக்குத் தெரியவில்லை. முதல் உறுதியான செய்தியை 1854இல் கொண்டுவந்தவர் டாக்டர் ஜான் ரே. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவைச் சேர்ந்தவர். ஹட்சன் பே நிறுவனத்தின் மருத்துவர். இவர் இனுயிட் மக்களிடமிருந்து பனி வீடு கட்டக் கற்றவர். தானே மான் வேட்டையாடித் தன் குழுவுக்கு உணவு சேர்த்தவர்.

வெள்ளையர் பலர் பசியால் இறந்ததாக இனுயிட் மக்கள் ரேயிடம் சொன்னார்கள். கடைசி நாட்களில் சிலர் இறந்தவர்களின் உடலை உண்ண நேர்ந்தது என்றும் சொன்னார்கள். பிராங்க்ளின் குழுவினரின் பொருள்களையும் அவர்களிடமிருந்து ரே வாங்கி வந்தார். லண்டனில் பெரும் கொந்தளிப்பு. புகழ்பெற்ற எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் இதழில் இதை மறுத்து எழுதினார். இனுயிட் மக்களின் வாய்மொழியை நம்பக்கூடாது என்பது அவருடைய வாதம். பிரிட்டிஷ் கடற்படையினர் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று அவர் நம்பினார்.

பிற்காலத்தில் அத்தீவில் கிடைத்த எலும்புகளை ஆய்வு செய்தபோது, கத்தியால் வெட்டிய தடங்கள் தெரிந்தன. இனுயிட் மக்கள் சொன்னது உண்மைதான். 2014இல் எரபஸ் கப்பல் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. தேடும் இடத்தைக் குறுக்க, தலைமுறை தலைமுறையாக வந்த இனுயிட் வாய்மொழி வரலாறு பெரிதும் உதவியது. 2016இல் டெரர் கப்பல் கிடைத்ததும் உள்ளூர் இனுயிட் ஒருவர் தந்த தகவலால்தான்.

ஆசிரியர்களே, ‘வாய்மொழிச் சான்று’ பற்றிப் பாடம் நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எழுதப்பட்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகாது. எழுதப்படவில்லை என்பதாலேயே ஒன்று பொய்யாகவும் ஆகாது.

7. 1903: மாணவராக வந்த அமுண்ட்சன்

கப்பல்கள் கைவிடப்பட்டு 55 ஆண்டுகள் கழித்து, நார்வே நாட்டைச் சேர்ந்த ரோவால்ட் அமுண்ட்சன் அதே தீவுக்கு வந்தார். சிறு வயதில் பிராங்க்ளினின் பயண நூல்களைப் படித்து மயங்கியவர் அவர். ஆனால், வந்த விதம் வேறு. கப்பல் ‘யோவா’ மிகச் சிறியது. ஆட்கள் மொத்தம் ஏழு பேர். தீவின் தென்கிழக்குக் கரையில் ஒரு சிறு துறைமுகத்தில் 1903 செப்டம்பரில் தங்கினார்கள். வந்த உடனேயே மான் வேட்டையாடிக் குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்தார்கள். ஏழு பேருக்கு அந்த நிலம் சோறு போடும். நூறு பேருக்கு அது கடினம். இதையும் மறந்துவிடக்கூடாது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கியபோது, நெட்சிலிக் மக்களோடு அமுண்ட்சன் நெருங்கிப் பழகினார். ஊசி, கத்தி போன்ற பொருள்களைக் கொடுத்து மான் தோல் உடைகளைப் பெற்றுக்கொண்டார். வாங்கியதோடு நிற்கவில்லை, எப்படி அணிவது, எப்படித் தளர்வாக விடுவது, எப்படி வியர்க்காமல் நடப்பது, பனி வீடு கட்டுவது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொண்டார். உடையை மட்டும் வாங்கி, உடுத்தும் முறையைக் கற்காமல் இருந்திருந்தால் பாதிப் பயன்தான் கிடைத்திருக்கும்.

1906இல் வடமேற்குக் கடல்வழியை முழுமையாகக் கடந்த முதல் கப்பல் பயணம் யோவாவுடையதுதான். அவர் தங்கிய இடத்தில் இன்று யோவா ஹேவன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் இனுயிட் மக்களே வாழ்கிறார்கள்.

8. ஒரே காரணத்தில் முடிக்காதீர்கள்

இந்த இடத்தில் மாணவர்கள் அவசரப்படுவார்கள். “ஆக, உடையால்தான் பிராங்க்ளின் குழு அழிந்தது, உடையால்தான் அமுண்ட்சன் வென்றார்” என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். இது தவறு. கொஞ்சம் நிதானமாகப் பாருங்க.

பிராங்க்ளின் குழு அழியப் பல காரணங்கள் உண்டு. கப்பல்கள் ஓராண்டுக்கு மேல் பனியிலிருந்து விடுபடவில்லை. உணவு குறைந்தது. நோய் தாக்கியது. ஆள் எண்ணிக்கை அதிகம். அவர்கள் நடந்த கரை வேட்டைக்கு வளமான இடமும் அல்ல. எல்லாரும் மான் தோல் உடுத்தியிருந்தாலும் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அமுண்ட்சனின் தென் துருவப் பயணத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1911 டிசம்பர் 14ஆம் நாள் அவருடைய ஐவர் குழு தென் துருவத்தை அடைந்தது. பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட் குழு 34 நாள் கழித்து, 1912 ஜனவரி 17ஆம் நாள் அடைந்தது. திரும்பும் வழியில் ஐவருமே இறந்தார்கள். அமுண்ட்சன் நெட்சிலிக் பாணியிலான மான் தோல் உடையைக் கொண்டுபோனார். ஸ்காட் குழு கம்பளியும் காற்றுப் புகாத துணியும் அணிந்தது. ஆனால், அமுண்ட்சன் நாய்கள் இழுக்கும் வண்டியோடு சென்றார். ஸ்காட் குழுவினர் பயணத்தின் பெரும்பகுதியில் வண்டியைத் தாங்களே இழுத்தார்கள். கனமாக இழுப்பவன் மான் தோல் உடுத்தினால் வியர்த்துக் கொட்டும். அவனுக்குக் கம்பளியே பொருந்தும். ஸ்காட் குழுவினரிடமும் துருவ மான் தோலில் செய்த காலணியும் படுக்கைப் பையும் இருந்தன. உடை, வேலை, போக்குவரத்து மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

நல்ல உடை இருந்தும் அமுண்ட்சன் ஒருமுறை சறுக்கினார். 1911 செப்டம்பரில், குளிர் குறையும் முன்பே அவசரப்பட்டுக் கிளம்பினார். வெப்பநிலை மைனஸ் 50 பாகைக்கும் கீழே போனது. குழுவில் சிலருடைய குதிகால் உறைந்து பாதிக்கப்பட்டது. திரும்பி வந்து, அக்டோபரில்தான் மறுபடி புறப்பட்டார். உடை மந்திரக் கவசம் இல்லை. எப்போது வெளியே போகக்கூடாது என்று அறிவதும் அந்த அறிவின் ஒரு பகுதிதான்.

9. இன்றைய மான் வேட்டைக்காரர் என்ன செய்கிறார்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் இலையுதிர் காலத்தின் கடைசியில் மான் வேட்டைப் பருவம் வரும். மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி வேட்டை நவம்பர் 15இல் தொடங்குவது நீண்டகால மரபு. அங்கே அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்வது மூன்றடுக்கு விதி. உடம்பை ஒட்டிய அடுக்கு வியர்வையை வெளியேற்ற வேண்டும். நடு அடுக்கு காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். வெளி அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்க வேண்டும். உள்ளாடையாகப் பருத்தி வேண்டாம். பருத்தி ஈரத்தைக் குடித்து விடாமல் வைத்துக்கொள்ளும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காத்திருக்கும் இடம்வரை நடந்து போகும்போது தடித்த மேல்சட்டையைப் போட மாட்டார்கள், பையில் வைத்துக்கொள்வார்கள். போய்ச் சேர்ந்து, உடம்பு ஆறிய பிறகுதான் அணிவார்கள். இனுயிட் வேட்டைக்காரர் தலைமூடியைப் பின்னால் தள்ளியதும் இதே காரணத்துக்காகத்தான்.

மாறியவையும் இருக்கின்றன. தோலுக்குப் பதில் கம்பளி வந்தது. 1970களின் இறுதியில் செயற்கை இழையில் ‘ஃபிளீஸ்’ வந்தது. துப்பாக்கி வந்ததால் புதிய ஆபத்தும் வந்தது. பிற வேட்டைக்காரர்கள் தவறாகச் சுட்டுவிடாமல் இருக்கப் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடையைப் பல மாநிலங்கள் கட்டாயமாக்கியுள்ளன. பொருள் மாறியது, உடம்பை உலர்வாக வை, காற்றைச் சிறைப்பிடி என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

மொழியிலும் ஒரு தடம் இருக்கிறது. கடைகளில் நாம் பார்க்கும் ‘அனோராக்’ என்ற சொல் கிரீன்லாந்து இனுயிட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. பெயரை வைத்துக்கொண்டோம், தந்தவர்களை மறந்துவிட்டோம்.

10. தேர்வு அறைக்கு

இப்படி ஒரு கட்டுரை வினா வந்தால் எப்படி அணுகுவீர்கள்?

“ஒரே சூழலில் வாழ நேர்ந்த இரு குழுக்கள் வெவ்வேறு முடிவுகளைச் சந்தித்தன. தக்க எடுத்துக்காட்டுடன் காரணங்களை ஆராய்க.”

முதலில் இடத்தையும் காலத்தையும் சொல்லுங்கள்: கிங் வில்லியம் தீவு, 1846 முதல் 1848வரை, பிறகு 1903 முதல் 1905வரை. அடுத்து ஒப்பிடுங்கள்: ஆள் எண்ணிக்கை, உணவு, உடை, போக்குவரத்து, உள்ளூர் மக்களோடு உறவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று கொடுங்கள். பிறகு எடை போடுங்கள்: எந்தக் காரணம் முதன்மையானது, எது துணையானது? இறுதியில் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். எடை போடும் இடத்தில்தான் பலர் புள்ளிகளை இழக்கிறார்கள். தகவலை வரிசையாகக் கொட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

முடிவுரைக்கு ஒரு மாதிரி: “அமுண்ட்சன் குழுவின் வெற்றிக்குச் சிறிய குழு, நல்ல திட்டமிடல் ஆகியவை துணைநின்றன. எனினும், நெட்சிலிக் மக்களின் உடை, உறைவிடம், வேட்டை ஆகிய அறிவை மதித்துக் கற்றதே அவற்றை ஒன்றிணைத்தது. ஆகவே, ஒரு சூழலில் நீண்டகாலம் வாழ்ந்தவர்களின் அனுபவ அறிவும் வரலாற்றை மாற்றும் காரணியாகும்.”

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கை. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றை உலர்ந்த காலுறையாலும் மற்றொன்றை நனைத்த காலுறையாலும் மூடி, மின்விசிறியின் முன் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். வரலாற்றுப் பாடத்தில் அறிவியல் சோதனையா என்று மாணவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை, சிரிக்கட்டும். எண்களைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தாத்தா பாட்டி, அல்லது அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள்: “நீங்க வேலைக்குப் போறப்ப என்ன உடுத்தினீங்க? ஏன் அப்படி உடுத்தினீங்க?” ரப்பர் தோட்டமோ, துறைமுகமோ, கட்டுமானத் தளமோ எதுவாக இருந்தாலும் சரி. தலையில் கட்டிய துணிக்கும், நீளக் கை சட்டைக்கும், காலில் சுற்றியதற்கும் அவர்களிடம் காரணம் இருக்கும். சொன்னதைச் சொன்னபடியே எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். அதுவும் வாய்மொழிச் சான்றுதான். ரே கேட்டு எழுதியதுபோல் நீங்களும் கேட்டு எழுதுங்கள்.

தேர்வில் சிறக்க வாழ்த்துகள். அடுத்த இதழில் சந்திப்போம்.